வின்டோஸ் திரும்ப அடிக்க முதல்

"அக்கா, ஒண்டும் ஏறுதில்லை. வின்டோஸை ஒருக்கா திரும்ப அடிச்சுத் தாங்கோ."

திருகோணமலை என்.சி. வீதியில் போட்டோக் கொப்பி, டைப்பிங், விண்ணப்பம் நிரப்புவது என்று ஒரு கொமியூனிகேஷனை பதினான்கு வருடமாக நடத்துகிறேன். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வசனத்தோடுதான் ஏறுகிறார்கள். ஒரு சொப்ட்வெயார் இன்ஸ்டோல் ஆகாவிட்டால் முழு வின்டோஸையும் அழித்து அடிப்பதுதான் வைத்தியம் என்று ஊரில் யாரோ பழக்கிவிட்டார்கள். தடிமன் என்று போனவனுக்கு மூக்கை வெட்டிவிட்ட கதை.

என் தங்கச்சியின் லப்டொப்பை ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) இப்படித்தான் அடித்துக் கொடுத்தார்கள். மூத்தவளின் சாமத்தியவீட்டுப் படங்கள் அத்தனையும் போயின. அந்தச் சொப்ட்வெயார் அதற்குப் பிறகும் ஏறவில்லை. பிறகு நான் பார்த்தால், ஃபைல் பாதிதான் டவுன்லோட் ஆகியிருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். வின்டோஸ் 10, 11 பாவிக்கிறவர்கள் கடைக்குத் தூக்கிப் போக முதல் வீட்டிலேயே இவற்றைப் பாருங்கள்.

எரர் பெட்டி வந்ததும் கை தானாக ஓகேயில் போகும். அழுத்தாதீர்கள். போனை எடுத்து ஒரு படம் பிடியுங்கள், முழுத் திரையும் விழட்டும். பிறகு எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். தொடங்கவே இல்லை என்றால் ஃபைலில் பழுது, அல்லது அந்தக் கொம்பியூட்டருக்கும் ஃபைலுக்கும் பொருத்தம் இல்லை, அல்லது ஏதோ ஒன்று அனுமதி மறுக்கிறது. பாதி ஓடி நின்றால் இடப் பற்றாக்குறை, அன்டிவைரஸ், சிதைந்த ஃபைல் என்று சந்தேகிக்கலாம். கடைசி வரை போய், கோடு பின்னுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் தானே கழற்றினால், அந்தச் சொப்ட்வெயாருக்குத் துணையாக வேண்டிய வேறொன்று கிடைக்கவில்லை, அல்லது பழைய பதிப்பின் மிச்சம் குறுக்கே நிற்கிறது. "என்னவோ எரர் வந்தது" என்று வருகிறவரை விட, "முக்கால்வாசி போய்த் திரும்பி வந்தது" என்று சொல்கிறவருக்கு நான் பாதி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுப்பேன்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாகச் செய்து தற்செயலாகச் சரிவந்தால், எது பிழையாக இருந்தது என்று கடைசி வரை விளங்காது.

முதலாவது ரீஸ்டார்ட். "நேற்று ராத்திரி நிற்பாட்டித்தானே படுத்தனான்" என்பார்கள். நிற்பாட்டியது கணக்கில் வராது. வின்டோஸ் 10, 11இல் ஷட் டவுன் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்டப் என்ற வசதி உள்ளே ஓடுவதில் ஒரு பகுதியை அப்படியே உறங்க வைத்து, காலையில் அதையே எழுப்பும். சிக்கலும் கூடவே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும். 1618 என்ற எண் வந்திருந்தால் வேறு ஏதோ ஒன்று உள்ளே இன்ஸ்டோல் ஆகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் வின்டோஸ் அப்டேட். அது முடியும் வரை விட்டு, ரீஸ்டார்ட் கொடுத்து, பிறகு முயலுங்கள்.

அடுத்தது ஃபைல். இங்கே வீடுகளில் பெரிய ஃபைல்களை நைட் டேட்டாவில்தான் இறக்குவார்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்குப் போட்டுவிட்டுப் படுத்தால், இடையில் கரண்ட் போய் ரவுட்டர் நின்று மறுபடி வந்திருக்கும். காலையில் ஃபைல் என்னவோ கிடக்கும், முழுதாகக் கிடக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. டவுன்லோட் செய்த பக்கத்தில் அளவு போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஃபைலின் மேல் மௌஸின் வலது பட்டனை அழுத்தி ப்ரொப்பர்ட்டீஸ் எடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு பக்கம் இருந்தால், அதற்குள் பெயரைத் தெரிவு செய்து டீட்டெயில்ஸை அழுத்துங்கள். கையொப்பம் ஓகே என்று வந்தால், தயாரித்தவர் கையொப்பமிட்ட பிறகு ஃபைல் மாறவில்லை. செல்லாது என்று வந்தால் அந்த ஃபைலோடு மினக்கெட வேண்டாம், அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். எல்லா ஃபைலிலும் இந்தப் பக்கம் இராது. இல்லாவிட்டால், அதே ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோய் அடுத்த வீட்டுக் கொம்பியூட்டரில் ஓடவிட்டுப் பாருங்கள். அங்கும் ஏறாவிட்டால் ஃபைலில்தான் பிழை. அங்கே ஏறினால் உங்கள் கொம்பியூட்டரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் செய்யும் இன்னொரு வேலை, சிப் ஃபைலைத் திறந்து உள்ளே தெரியும் செட்டப்பை அப்படியே இரட்டைக் கிளிக் செய்வது. சிப் என்பது கட்டிய மூட்டை. செட்டப் தன் பக்கத்தில் இருக்க வேண்டிய மற்ற ஃபைல்களைத் தேடும்போது, அவை இன்னும் மூட்டைக்குள் கிடக்கும். வலது பட்டனை அழுத்தி எக்ஸ்ட்ராக்ட் ஓல் கொடுத்து, வெளியே வந்த ஃபோல்டரிலிருந்து ஓடவிடுங்கள்.

இடம். "டி டிரைவில நூறு ஜிபி கிடக்கு அக்கா." கிடக்கட்டும். டி டிரைவில் போடச் சொன்னாலும், இன்ஸ்டோலர் தன் சாமான்களை முதலில் அவிழ்ப்பது வழக்கமாக சி டிரைவில் உள்ள தற்காலிக ஃபோல்டரில்தான். 80070070 என்று முடிகிற நீளமான எண் வந்தால் சி நிரம்பிவிட்டது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய்த் துடையுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக நிற்கும். அதில் டிக் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். ஆட்கள் அடையாள அட்டைக் கொப்பியிலிருந்து கல்யாண வீடியோ வரை அதற்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

பொருத்தம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும். 32 பிட் வின்டோஸில் 64 பிட் சொப்ட்வெயார் ஏறவே ஏறாது. வின்டோஸ் 7 இன்னும் ஓடும் வீடுகள் பாலையூற்றிலும் உண்டு, உப்புவெளியிலும் உண்டு. மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியில் அதைக் கைவிட்டது. குரோமின் 109ஆம் பதிப்புதான் அதில் ஓடிய கடைசிப் பதிப்பு. வின்டோஸ் 10இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் அது ஓடாமல் போகாது, ஆனால் இனிமேல் வருகிற சொப்ட்வெயார்கள் ஒவ்வொன்றாக அதைத் தள்ளிவைக்கும். அப்படியான இடத்தில் பிழை உங்களிடம் இல்லை. அதே சொப்ட்வெயாரின் பழைய பதிப்பு தயாரித்தவரின் தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வெளிநாட்டு லப்டொப்புக்குத் தனிக்கதை. கனடாவிலிருந்து மாமா அனுப்பியது, பெட்டி கூடப் பிரிக்காதது, என்ன போட்டாலும் ஸ்டோரிலிருந்து மட்டும்தான் போடலாம் என்று நிற்கும். அது எஸ் மோட். பழுதல்ல, அப்படியே விற்பது. வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போய் அதிலிருந்து வெளியே வரலாம். வின்டோஸ் 10இல் அக்டிவேஷன், அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். காசு இல்லை. திரும்ப உள்ளே போக முடியாது, அதற்கு யாரும் ஆசைப்படுவதாகவும் எனக்குத் தெரியவில்லை. மாமா தன் வேலைத்தலத்தில் கழித்துவிட்டதை அனுப்பியிருந்தால், உங்கள் நிறுவனத்தின் நிர்வாகி தடுத்திருக்கிறார் என்று ஒரு செய்தி வரலாம். அதை நானும் கழற்ற மாட்டேன். மாமாவிடம் சொல்லி அந்த நிறுவனத்திலேயே விடுவித்துத் தரச் சொல்லுங்கள்.

மணிக்கூட்டை யாரும் பார்ப்பதில்லை. பழைய டெஸ்க்டொப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருந்தால், பிளக்கைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் திகதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விடும். இணையத்தில் இருந்து மிச்சத்தை இறக்கும் இன்ஸ்டோலர், உண்மையான இடத்தோடுதான் பேசுகிறோமா என்று அறிய சேர்வரின் சான்றிதழைப் பார்க்கும். அந்தச் சான்றிதழ் தொடங்கும் நாள் இன்னும் வரவில்லை என்று கொம்பியூட்டர் நினைக்கும். இணைப்பு மறுக்கப்படும். நீங்கள் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திகதியைச் சரிசெய்து, டைம் சோனில் ஸ்ரீ ஜயவர்தனபுர ஐந்தரை (உலக நேரத்தை விட ஐந்தரை மணி முன்னே) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 2006 ஏப்ரலில் அரசு நாட்டின் நேரத்தை ஆறிலிருந்து திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தபோது, நான் இன்னொருவரின் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பி மெஷின்கள் எல்லாம் பழைய ஆறிலேயே நின்றன. அரை மணி பிழையால் சான்றிதழ் கெடாது, பஸ்தான் தவறிப்போகும்.

இனி, எனக்கே இரண்டு நாள் எடுத்த சங்கதி.

பாலையூற்றில் தைக்கும் அக்கா ஒருவர் பழைய எம்ப்ரொய்டரி மெஷின் ஒன்று வாங்கினார். பூ வேலைப்பாட்டை கொம்பியூட்டரில் வரைந்து மெஷினுக்குக் கொடுக்க ஒரு சொப்ட்வெயார், மெஷினோடு வந்த சீடியில் இருந்தது. மகன் அதைப் பென்டிரைவில் ஏற்றி லப்டொப்பில் ஓடவிட்டால், தொடங்கி நாலு செக்கனில் நின்றது. தற்காலிக ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்று ஒரு செய்தி. நான் இடம் பார்த்தேன், நிறையக் கிடந்தது. அன்டிவைரஸ் பார்த்தேன். வலது பட்டனில் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தேன். என் கடைக் கொம்பியூட்டரில் போட்டால் அதே பென்டிரைவிலிருந்து அழகாக ஏறியது.

"பிள்ளை, அடிச்சுத்தான் பாப்பமே?" என்றார் அக்கா.

பொறுங்கள் என்று சொல்லி, தற்காலிக ஃபோல்டரைத் திறந்தேன். வின்டோஸ் கீயையும் ஆர் கீயையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டெம்ப் என்று நாலு ஆங்கில எழுத்தை, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடித்து என்டர் கொடுத்தால் அந்த ஃபோல்டர் திறக்கும். இன்ஸ்டோலர்கள் பல, தாங்கள் செய்ததை ஒவ்வொரு வரியாக இங்கே ஒரு லொக் ஃபைலில் எழுதிவிட்டுப் போகும். திகதிப்படி அடுக்கினால் கடைசியாக எழுதப்பட்டது மேலே வரும். இந்தச் செட்டப் அங்கே ஒன்றும் எழுதவில்லை. பென்டிரைவில் செட்டப்புக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்திருந்தது. நோட்பேட்டில் திறந்தேன். கடைசி வரியில் சி டிரைவ், யூசர்ஸ், அதற்கு அடுத்து ஆளின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறி.

ஐந்து கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் திரையில் அக்கவுண்டின் பெயரைப் பார்த்தேன். மகன் வின்டோஸ் 10 போடும்போது தமிழில் "அம்மா" என்று ஆசையாகப் பெயர் வைத்திருக்கிறான். வின்டோஸும் அதே பெயரில் ஃபோல்டரைத் திறந்திருக்கிறது. நாங்கள் எண்ணினால் அம்மாவில் மூன்று எழுத்து. கொம்பியூட்டர் எண்ணினால் ஐந்து: அ, ம, புள்ளி, இன்னொரு ம, கால். யுனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறை) தெரியாத அந்தப் பழைய இன்ஸ்டோலர், தனக்குத் தெரியாத ஐந்துக்கும் ஒவ்வொரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறி வர வின்டோஸ் விடாது. ஆகவே அப்படி ஒரு ஃபோல்டர் உலகத்திலேயே இல்லை. இல்லாத வீட்டுக்குச் சாமான் இறக்கப் போன லொறி போல அது திரும்பி வந்திருக்கிறது.

புதிய சொப்ட்வெயார்கள் இதற்கெல்லாம் தடுமாறுவது குறைவு. பழைய சீடி, பழைய பிரின்டர் டிரைவர், சின்னக் கம்பனிகளின் கணக்குச் சொப்ட்வெயார் என்றால் இதை நினைவில் வையுங்கள். திருத்துவது கஷ்டமில்லை. சி டிரைவின் மேல்தளத்தில் ஆங்கில எழுத்தில் டெம்ப் என்று ஒரு புது ஃபோல்டர் உண்டாக்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் என்வைரன்மென்ட் என்று தேடினால், உங்கள் அக்கவுண்டுக்கான என்வைரன்மென்ட் வேரியபிள்களைத் திருத்தும் ஒரு பெட்டி வரும். மேல் பாதியில் டெம்ப் என்றும் டிஎம்பி என்றும் இரண்டு வரி. முதலில் அவற்றைப் போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். பிறகு இரண்டையும் அந்தப் புது ஃபோல்டருக்கு மாற்றி, சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்து இன்ஸ்டோல் பண்ணுங்கள். அக்காவுக்கு அந்த முறையே ஏறியது. வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம்.

கன்ட்ரோல் பேனலில் அக்கவுண்டின் பெயரை மாற்றினால் ஃபோல்டரின் பெயர் மாறாது. யூசர்ஸுக்குள் போய் ஃபோல்டரின் பெயரைக் கையால் மாற்ற ஒருபோதும் வேண்டாம், அடுத்த முறை உள்ளே போகும்போது உங்கள் டெஸ்க்டொப்பே வெறுமையாக வந்து நிற்கும். ஒரேயடியாகத் தீர்க்க வேண்டுமானால் ஆங்கில எழுத்தில் புது அக்கவுண்ட் ஒன்று உண்டாக்கி ஃபைல்களை அதற்கு நகர்த்துங்கள். முகப்பில் தெரியும் பெயரைப் பிறகு தமிழில் வைத்துக்கொள்ளலாம். அம்மா அம்மாவாகவே இருக்கலாம்.

1603 என்ற எரர் எண் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிக்கடி வருவது அதுதான். அது காய்ச்சல் என்று சொல்வது போன்ற எண். டெங்குவா சளியா என்று அதில் தெரியாது. ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று தேடி, வின்டோஸ் லொக்ஸ், அப்ளிகேஷன் என்று போங்கள். இன்ஸ்டோல் முயன்ற நேரத்தில் எம்எஸ்ஐ இன்ஸ்டோலர் என்ற பெயரில் உள்ள வரியைத் திறந்தால் கொஞ்சம் விளக்கம் இருக்கும். லொக் ஃபைல் கிடைத்தால், அதில் கன்ட்ரோலோடு எஃப் அழுத்தி, ரிட்டர்ன் வெல்யூ 3 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அது விழுந்த இடம். காரணம் அதற்கு மேலே உள்ள சில வரிகளில் இருக்கும். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஃபோல்டரின் பெயரோ ஒரு ஃபைலின் பெயரோ கண்ணில் படும். அதுதான் தேட வேண்டிய சொல். 80070005 என்று முடிந்தால் அனுமதி இல்லை என்று பொருள். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இடையில் கரண்ட் போய் அரைகுறையாக நின்றதென்றால், அதே பதிப்பின் இன்ஸ்டோலரை மறுபடி ஓடவிட்டு, ரிப்பேர் என்று ஒரு தெரிவு வந்தால் அதைக் கொடுத்து முழுதாக்கி, பிறகு ஒழுங்காகக் கழற்றிப் புதிதாகப் போடுங்கள்.

அன்டிவைரஸை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். முதலில் வின்டோஸ் செக்யூரிட்டியில் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள், ஏதாவது பிடிபட்டிருந்தால் பெயரோடு இருக்கும். "அன்டிவைரஸை நிற்பாட்டிவிட்டுப் போடவும்" என்று எழுதிக்கொண்டு வருகிற கள்ளக் கொப்பிகளுக்கு நான் கைவைப்பதில்லை. கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் லிப்ரே ஒஃபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது, படம் திருத்த கிம்ப் கிடைக்கிறது. அதற்குமேல் விவாதிக்க எனக்கு நேரமில்லை, போட்டோக் கொப்பிக்கு ஆள் நிற்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. டச்பே பக்கம் ஒரு வீட்டு டெஸ்க்டொப்பில் எதைப் போட்டாலும் சிஆர்சி எரர் (படித்த தரவு சிதைந்திருக்கிறது என்று பொருள்), ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில். ஃபைல் என் கடையில் நன்றாக ஏறுகிறது. ஒரே இடத்தில் விழுந்தால் ஃபைலைச் சந்தேகிக்கலாம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் விழுந்தால் நான் ராம் என்ற மெமரித் தகட்டைப் பார்ப்பேன், அடுத்தது ஹார்ட் டிஸ்க்கை. பிளக்கைக் கழற்றி, இரும்புப் பெட்டியைக் கையால் தொட்டுவிட்டு, ராமை எடுத்துப் பார்த்தால் பொன்னிறப் பற்கள் மங்கிப் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. உப்புக் காற்று. பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை அழிரப்பரால் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டி, கிளிக் என்று சத்தம் கேட்க மாட்டினேன். சிஆர்சி எரர் அதோடு நின்றது. மாட்டிய பிறகும் சந்தேகம் என்றால், ஸ்டார்ட் மெனுவில் வின்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடி ஓடவிடலாம்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராமல், வேறு சொப்ட்வெயார்களும் ஏறாமல் நின்றால் வின்டோஸின் சொந்த ஃபைல்கள் கெட்டிருக்கலாம். கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, ஒரு முன்சாய்வுக் கோடு, ஒட்டினாற்போல் ஸ்கேன்நவ் என்று அடியுங்கள். கெட்டதைத் தானே திருத்தும். பொறுமையாக விடுங்கள், பாதியில் நிற்பாட்ட வேண்டாம்.

அதற்கும் மசியாவிட்டால், சரி, அடிப்போம். அடிக்க முதல் டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் வெளியே எடுங்கள், எடுத்ததை இன்னொரு கொம்பியூட்டரில் திறந்தும் பாருங்கள். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எழுதி வையுங்கள். வின்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸைத் திறந்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைக் கொப்பி பண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் அப்பா இருபது வருடமாக டைப் அடித்து வைத்த கோயில் கணக்கும் கடிதங்களும் அடுத்த நாள் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.